பில்லக்காவுக்கு மூக்கடைத்த வாரம்

சளி பிடிக்க வருஷத்தில் எத்தனையோ நாள் இருக்கிறது. பில்லக்காவுக்கு அது பிடித்தது, வேலைக்கு நேர்காணல் போக வேண்டிய நாளுக்கு முந்தின சாயந்திரம். முதலில் ஒரு தும்மல். அதற்குத் துணையாக இன்னொன்று. பிறகு கணக்கு வைக்க முடியவில்லை. விடியும்போது மூக்கின் இரண்டு துளையும் சிமெண்ட் வைத்துப் பூசினதுபோல் அடைத்துக் கிடந்தன. வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, கண்ணில் நீர் வடிய எழுந்து உட்கார்ந்தவள், "இதுக்கு வேற நாளே கிடைக்கலையா?" என்று கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

பில்லக்கா என்பது அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் பில் போடும் மேஜைக்குக் கல்யாணத்துக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்தவள், கடைக்காரர் கடையை மூடுகிற நாள் வரைக்கும் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை. கடைப் பெண்கள் பில்லக்கா என்று கூப்பிட்டார்கள். அது தெருவுக்கு வந்தது. தெருவிலிருந்து வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. கடை போன பிறகும் பட்டம் போகவில்லை. மேஜையும் இல்லை, பில்லும் இல்லை, அக்கா மட்டும் மிச்சம்.

அவளுடைய மூக்கைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பார்க்கச் சாதாரண மூக்குதான், கொஞ்சம் சப்பை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் மேல் வீட்டில் பால் அடிப்பிடிக்கப் போகிறதென்றால், பால் வைத்தவளுக்கு முன்னால் பில்லக்காவுக்குத் தெரிந்துவிடும். கேஸ் கசிகிறதோ என்று சந்தேகம் வந்தால் அந்தக் கட்டடத்தில் யாரும் கம்பெனிக்குப் போன் பண்ண மாட்டார்கள், பில்லக்காவைத்தான் கூப்பிடுவார்கள். அவள் புருஷன் பீடி சிகரெட்டை எல்லாம் விட்டதற்குக் காரணம் உடம்பின் மேல் வந்த அக்கறை இல்லை. "எத்தனை தெரு தள்ளி நின்னு பிடிச்சாலும் வாசல்லயே பிடிச்சுடறா, என்னத்துக்கு அந்தக் கஷ்டம்" என்று விட்டுவிட்டார். பெருமைக்குரிய மூக்குதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது பெரும்பாடு. பஸ்ஸில் ஏறினால் குமட்டும். தெருமுனைக் குப்பைத்தொட்டியைக் கடக்க வேண்டியிருந்தால் எதிர்ப்பக்கம் போய்ச் சுற்றிக்கொண்டு வருவாள்.

அப்படிப்பட்டவள் போக இருந்த நேர்காணல் எதற்குத் தெரியுமா? காய்கறிச் சந்தையிலிருந்தும் உணவு விடுதிகளிலிருந்தும் வருகிற கழிவை மக்கவைத்து உரமாக்குகிற கூடத்துக்கு. மேற்பார்வை வேலை. எதை மேற்பார்ப்பது என்று தகவல் கொண்டுவந்த நாத்தனாருக்கும் தெரியவில்லை. "குப்பைக்கு என்ன பெரிய மேற்பார்வை அண்ணி, அது ஓடியா போயிடப் போகுது" என்றாள். ஜவுளிக்கடை, மருந்துக்கடை, பாத்திரக்கடை என்று பில்லக்கா ஏறி இறங்காத படி இல்லை. எல்லா இடத்திலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சின்ன வயசுப் பெண் வேண்டும் என்றார்கள். வயசைக் கேட்காத ஒரே இடம் இந்தக் குப்பைமேடுதான்.

வேலை இல்லாமல் வீட்டில் இருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் மூக்கைப் பிடித்துக்கொண்டு குப்பைக்குள் இறங்க அவள் துணிந்தது அதற்காக இல்லை. காரணம் வேறு. அவள் புருஷன் தொலைதூர லாரி ஓட்டுகிறவர். போனால் வாரக் கணக்கில் வர மாட்டார். போன நடை முடிந்து வந்தபோது லாரியின் ஒரு பக்கக் கண்ணாடி உடைந்து, கதவு நெடுகக் கீறல் விழுந்திருந்தது. மரக்கிளை உரசிவிட்டது என்றார். மகள் நம்பினாள், நாத்தனார் நம்பினாள். பில்லக்கா சாப்பாடு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். சோற்றைப் பிசைந்தபடியே அவர் சொன்னார். "கண் அசந்துட்டேன். எவ்வளவு நேரம்னு தெரியலை. எதிர்ல வந்தவன் ஹாரன் அடிச்சான், அப்பதான் முழிச்சேன்." அதற்கப்புறம் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அவர் வண்டி எடுத்துக்கொண்டு போகிற ஒவ்வொரு நாளும் அவளுக்கு வயிற்றில் நெருப்பு.

மகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டுகிறவர் ஓய்வு பெறப் போகிறார். அந்த இடத்துக்கு வருகிறீர்களா என்று பில்லக்காவின் புருஷனைக் கேட்டிருந்தார்கள். காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய், மாலையில் இறக்கிவிட்டு, இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் அந்தச் சம்பளத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வீடு நடக்காது. இன்னொரு சம்பளம் வந்தால் நடக்கும். மாசக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆக, பில்லக்காவுக்கு வேலை கிடைத்தால் அவர் லாரியை விட்டு இறங்குவார். கிடைக்காவிட்டால் அடுத்த நடைக்கு ஏறுவார். விஷயம் இவ்வளவுதான்.

அதனால்தான் மூக்கடைத்த அந்தக் காலையில் அவள் படுத்துக்கொள்ளவில்லை. வெந்நீரில் தலையைக் கவிழ்த்து ஆவி பிடித்தாள். மாத்திரை போட்டாள். நாத்தனார் வேறு வந்து நின்றுகொண்டு, "சளின்னு மட்டும் மூச்சு விட்டுடாதீங்க அண்ணி. சேர்றதுக்கு முன்னாடியே சீக்குன்னா எவன் வேலை குடுப்பான்?" என்று எச்சரித்தாள்.

"மூச்சே விட முடியலை, எங்க போய் விடறது?" என்றாள் பில்லக்கா.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் தன்னைத் திடப்படுத்திக்கொண்டாள். எதிரே தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை, கம்பிக் கதவு, வெளியே வரிசையாக நின்ற கழிவு வண்டிகள். வண்டிகளின் அடியிலிருந்து என்னவோ சொட்டிக்கொண்டிருந்தது. பஸ்ஸிலிருந்து கூட இறங்கிய ஒரு பெண், முகத்தைத் துணியால் பொத்திக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். பில்லக்கா நின்றாள். மெல்ல மூக்கை இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். காற்றும் வரவில்லை, வாடையும் வரவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குப்பைமேட்டுக்கு வேலை கேட்டுப் போகிறவளுக்கு மூக்கடைப்பைவிடப் பெரிய அதிர்ஷ்டம் என்ன இருக்க முடியும்? காலையிலிருந்து திட்டித் தீர்த்த சளியை இப்போது கையெடுத்துக் கும்பிடலாம்போல இருந்தது.

உள்ளே காத்திருக்கும் அறையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். டை கட்டிக்கொண்டு வந்த ஒரு பையன். ஊரையே தூக்குகிற அளவுக்குச் சென்ட் போட்டிருந்ததாகப் பிறகு தெரியவந்த ஒரு பெண். எங்கோ குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். பில்லக்கா கைக்குட்டையை முழங்கைக்குள் ஒளித்துக்கொண்டு, ஓர் ஓரத்தில் உட்கார்ந்து, தும்மல் வருகிறபோதெல்லாம் நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி அடக்கிக்கொண்டிருந்தாள்.

மேலாளர் ஒரு பெண்மணி. நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்தார், காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். நாற்காலியில் உட்காரவே இல்லை. "இங்க உட்கார்ந்து பேசினா எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசுவீங்க. வாங்க, நடந்துகிட்டே பேசலாம்" என்று கொட்டகைக்குள் கூட்டிக்கொண்டு போனார். அங்கே வேலைக்கு ஆள் எடுப்பது எப்போதும் இப்படித்தானாம்.

கொட்டகை நெடுக ஆள் உயரத்துக்குக் குவியல்கள், இரண்டு பக்கமும். நடுவில் நடைபாதை. குவியல்களின் மேலிருந்து லேசாக ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு வண்டி பெரிய கரண்டியால் ஒரு குவியலைக் கிளறிப் புரட்டிக்கொண்டிருந்தது. அதை ஓட்டியவரை எல்லோரும் கிளறல் அண்ணன் என்று கூப்பிட்டார்கள். மேலாளர் முதல் குவியலுக்குப் பக்கத்தில் நின்றார். கையுறையோடு கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளி, நாலு பேருக்கும் முன்னால் நீட்டினார்.

"எப்படி இருக்கு?"

இவ்வளவுதான் கேள்வி. படிப்பைக் கேட்கவில்லை, அனுபவத்தைக் கேட்கவில்லை.

டை கட்டிய பையன் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு, "ரொம்ப நல்லா இருக்கு மேடம்" என்றான். கண் இரண்டும் கலங்கியிருந்தன. பிறகு போன் வருகிறது என்று வெளியே போனவன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. சென்ட் போட்ட பெண் நேர்மையானவள். "எனக்கு இது சரிப்படாதுங்க" என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனாள். பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவது குவியல் வரை வந்தார். அங்கே முகம் வெளுத்து, நான் கணக்கெழுதுகிற வேலை என்று நினைத்தேன் அம்மா என்று முனகிவிட்டு, வெளியே பெஞ்சில் போய்ச் சாய்ந்துகொண்டார்.

பில்லக்கா மட்டும் நின்றாள். நின்றது மட்டுமில்லை, கையை நீட்டி அந்தப் பிடியை வாங்கினாள். கையில் சூடாக இருந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், பெரிய மனுஷி மாதிரி ஒரு இழுப்பு இழுத்தாள். அவளுடைய மூக்குக்குச் சுவரும் அதுவும் ஒன்றுதான்.

"ஒன்னும் இல்லை மேடம். நல்லாத்தான் இருக்கு."

மேலாளரின் புருவம் உயர்ந்தது. "ஒன்னுமே இல்லையா?"

"ஒன்னுமே இல்லை. எனக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை மேடம்."

மேலாளர் அவளை அடுத்த குவியலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கேயும் நன்றாகத்தான் இருந்தது. அதற்கடுத்ததும் நன்றாகத்தான் இருந்தது. நடுவில் ஒரு தும்மல் தொண்டை வரை வந்தது. அதை அவள் உயிரைக் கொடுத்து விழுங்கியதில் காது இரண்டும் 'டப்'பென்று அடைத்துக்கொண்டன. தூசி என்று சொல்லிச் சமாளித்தாள். வண்டியின் மேலிருந்து கிளறல் அண்ணன் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் அவரைப் பார்த்தார். பில்லக்கா அந்தப் பார்வையைக் கவனித்தாள். இரண்டு பேரும் அசந்துபோய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். ஜவுளிக்கடையில் எத்தனை முகத்தைப் பார்த்தவள், அவளுக்கா முகம் படிக்கத் தெரியாது என்று அவளுக்கு ஒரு திமிர்.

வாசலுக்கு வந்ததும் மேலாளர் பூட்ஸைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "திங்கள்கிழமை காலையில வாங்க. ஒரு வாரம் வேலையைப் பாருங்க. அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றார்.

பில்லக்கா பஸ்ஸில் வீட்டுக்கு வரவில்லை, மிதந்து வந்தாள். ஒரு வாரம் என்பது ஒப்புக்குத்தான், கிடைத்த மாதிரிதான் என்று நாத்தனாரிடம் சொன்னாள். நாத்தனார் அதைக் கட்டடம் முழுக்கச் சொன்னாள். எங்கோ ஒரு சரக்குக் கிடங்கு வாசலில் நின்றுகொண்டு புருஷன் போனில் பேசினார். "குப்பையில நின்னியா? நீயா?" என்று இரண்டு தடவை கேட்டார். "நான் வந்து பார்க்காம நம்ப மாட்டேன்" என்றார். "பள்ளிக்கூடத்துக்கு வரேன்னு சொல்லிடட்டுமா?" என்று அவள் கேட்டபோது மட்டும் தயங்கினார். "இன்னும் முடிவாகலைதானே. நீ கையில வாங்கு, அப்புறம் நான் இறங்கறேன். ரெண்டும் போயிட்டா என்ன பண்றது?" அவர் சொன்னதில் தப்பில்லை. அவளுக்குத்தான் பொறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது பேஸ்ட்டின் வாசனை வந்தது.

லேசாகத்தான் வந்தது. சளி போகிறது. போகட்டும் என்று சாதாரண மனுஷி சந்தோஷப்படுவாள். பில்லக்கா கண்ணாடியில் மூக்கைப் பார்த்தபடி நின்றாள். திங்கள்கிழமை இந்த மூக்கு திறந்திருந்தால்? எனக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை என்று பெருமை பீற்றிக்கொண்டு வந்த இடத்தில் முதல் குவியலிலேயே மானம் போய்விடும். அவர்கள் எடுத்தது பில்லக்காவை இல்லை, பில்லக்காவின் சளியை.

அன்றையிலிருந்து அவள் செய்த காரியங்களை ஒரு வைத்தியர் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். சாயந்திரம் பச்சைத் தண்ணீரில் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். ஈரத்தலையோடு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தாள். ஐஸ் தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்தாள். மாத்திரைப் பட்டையைத் தூக்கி அலமாரிக்கு மேலே போட்டாள். மேல் வீட்டுப் பையனுக்குச் சளி என்று கேள்விப்பட்டு, ஒரு வேலையும் இல்லாமல் அங்கே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்தாள்.

மகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "சளி போகக் கூடாதுன்னு இந்தப் பாடு படறது உலகத்திலயே நீ ஒருத்திதான்மா."

"உனக்கென்ன தெரியும்?"

"அவங்ககிட்ட உண்மையைச் சொல்லிடேன்."

"சொன்னா? குப்பைக் கிடங்குக்கு வாடையே தெரியாத ஆளா வேணும்னு கேட்டிருப்பாங்க. எனக்கு மூக்கு இருக்குன்னு போய் நிக்கச் சொல்றியா?"

என்ன செய்து என்ன. ஞாயிற்றுக்கிழமை மதியம் எதிர் வீட்டில் சட்டை இஸ்திரி போட்டது அவளுக்கு மணத்தது. ராத்திரிக்குள் மூக்கு பழையபடி ஆகிவிட்டது. பழையபடி என்பதுகூடச் சரியில்லை. சில நாள் ஓய்வில் இருந்த மூக்கு, விட்டதை எல்லாம் பிடிக்கிற ஆவேசத்தோடு வேலைக்குத் திரும்பியிருந்தது.

திங்கள்கிழமை காலை மூக்குக்குக் கீழே தைலத்தை அப்பிக்கொண்டு போனாள். பஸ் இன்னும் இரண்டு நிறுத்தம் தள்ளி வரும்போதே அது வந்துவிட்டது. தைலத்தை ஓர் ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே நுழைந்தது. கம்பிக் கதவைத் தாண்டும்போது அவள் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, புருஷன் ஸ்டியரிங்கில் தலை கவிழ்ந்திருப்பதுபோல மனசுக்குள் ஒரு படத்தை வலுக்கட்டாயமாக வரவழைத்துக்கொண்டாள். அது அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனது.

மேலாளர் காலைச் சுற்றுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "வாங்க, வாங்க" என்றார். பூட்ஸ் கொடுத்தார், கையுறை கொடுத்தார். முதல் குவியலில் பில்லக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மேலாளர் எதுவும் கேட்காமல் நகர்ந்தார். இரண்டாவது குவியல் அன்றைக்குப் பெரியவரைச் சாய்த்த குவியல். மேலாளர் கையை விட்டு ஒரு பிடி அள்ளித் திரும்பினார். "இது எப்படி..." என்று ஆரம்பித்தார்.

பில்லக்கா இல்லை. தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் ஓடிப்போய்க் குனிந்திருந்தாள். காலையில் சாப்பிட்டது, குடித்தது எல்லாம் வெளியே வந்தது. யாரோ ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினார்கள். கிளறல் அண்ணன். வாங்கிக் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்தபோது மேலாளரும் எதிரே நின்றிருந்தார்.

"உடம்பு சரியில்லையாம்மா? ஏதாவது ஒத்துக்காததைச் சாப்பிட்டீங்களா?"

ஆமாம் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அவர்களாகவே வழி காட்டுகிறார்கள், பிடித்துக்கொண்டு தப்பிக்கலாம். ஆனால் இன்றைக்குச் சாப்பாட்டின் மேல் பழி போடலாம், நாளைக்கு எதன் மேல் போடுவது? வேலை போனது போனதுதான், பொய்யும் எதற்கு என்று தோன்றியது. ஒரு நாற்காலிகூட இல்லாத அந்த இடத்தில் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அன்னிக்கு எனக்குச் சளி மேடம். மூக்கு சுத்தமா அடைச்சிருந்துச்சு. நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சொன்னதெல்லாம் எனக்கு ஒன்னுமே தெரியாம சொன்னது. நிஜத்துல எனக்கு மூக்கு ரொம்ப அதிகம். பக்கத்து வீட்டுல என்ன வேகுதுன்னு சொல்லிடுவேன். இதை என்னால தாங்க முடியாது. ஏமாத்தணும்னு வரலை. எனக்கு இந்த வேலை வேணும், அதான்." சொல்லிவிட்டு அழுதாள். அவளுக்கு அழ வேண்டும் என்றே இல்லை, அது தானாக வந்தது.

மேலாளர் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வாளியின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அப்பாடா" என்றார்.

பில்லக்காவுக்குப் புரியவில்லை. மேலாளர் வண்டிப் பக்கம் திரும்பி, "அண்ணே, சளியாம்" என்றார்.

"அதானே பார்த்தேன்" என்றார் கிளறல் அண்ணன். "புளிச்சுக் கிடந்த குவியலை மூக்குக்குக் கீழ வச்சுக்கிட்டு நல்லா இருக்குன்னு சொன்னாங்களே, நான் அன்னிக்கு முழுக்கச் சிரிச்சுக்கிட்டு இருந்தேன்."

"எனக்குச் சிரிப்பு வரலை" என்றார் மேலாளர். "நாலு நாளா கவலை. மூக்கே இல்லாத ஆளை வரச் சொல்லிட்டோமே, எப்படித் திருப்பி அனுப்பறதுன்னு." பிறகு பில்லக்காவைப் பார்த்து, "இங்க வேலையே மூக்குதான்மா. குவியல் உள்ளுக்குள்ள நல்லா மக்குதா, காத்து போகாம அழுகுதா, தண்ணி அதிகமாயிடுச்சா, எல்லாத்தையும் முதல்ல சொல்றது வாடைதான். கருவி இருக்கு. ஆனா அது சூட்டைக் காட்டும், ஈரத்தைக் காட்டும், அவ்வளவுதான். கெட்டுப்போன அப்புறம்தான் சொல்லும். இத்தனை வருஷமா நான்தான் மோந்து பார்த்து, இதைக் கிளறுங்க அதுக்குத் தண்ணி விடுங்கன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். இப்ப என் மூக்கு செத்துப்போச்சு. பாதி வாடை தெரியலை. அதுக்குத்தான் ஆள் கேட்டோம்."

பில்லக்கா கண்ணைத் துடைத்துக்கொள்ள மறந்துபோய்க் கேட்டுக்கொண்டிருந்தாள். எப்படி இருக்கு என்று அவர் கேட்டதெல்லாம் நிஜமாகவே எப்படி இருக்கிறது என்றுதானா. அவளோ வீரம் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். கேட்ட கேள்விக்கெல்லாம் தப்பான பதில் சொல்லிவிட்டுப் பஸ்ஸில் மிதந்து போயிருக்கிறாள்.

"அப்ப எதுக்கு மேடம் என்னை வரச் சொன்னீங்க?"

"வேற யார் நின்னாங்க?" என்றார் மேலாளர். "இருந்தது நீங்க ஒருத்தர்தானே."

கிளறல் அண்ணன் இந்தத் தடவை வாய்விட்டே சிரித்தார். பில்லக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழுத மூஞ்சியோடு சிரித்ததில் விக்கல் எடுத்தது.

மேலாளர் எழுந்தார். "வாங்க, இப்ப சொல்லுங்க." அதே இரண்டாவது குவியல். பில்லக்கா தைலத்தை அழுத்தித் துடைத்துவிட்டு வந்து, பிடியை வாங்கி, தயங்கித் தயங்கி மோந்தாள்.

"புளிப்பு மேடம். மூடி வச்சு மறந்துபோன சாப்பாட்டு டப்பாவைத் திறந்த மாதிரி."

"காத்து போகலை. அண்ணே, இதை இன்னிக்குப் புரட்டிடுங்க." அடுத்த குவியல். "இது?"

"கண்ணு எரியுது. தலைக்குச் சாயம் பூசறப்ப வருமே, அந்த நெடி."

"காய்ஞ்ச சருகு கலக்கணும். இது?"

கடைசிக் குவியல் கறுத்து, பொலபொலவென்று உதிர்ந்தது. பில்லக்கா அதை மோந்தாள். இன்னொரு தடவை மோந்தாள். குமட்டவில்லை. "இது நல்லா இருக்கு" என்றாள், தான் சொன்னது சரியா என்கிற சந்தேகத்தோடு. "புதுப் பானையில முதல்ல தண்ணி ஊத்தினா வர்ற மாதிரி இருக்கு. கெட்ட வாடையே இல்லை."

"இது தயார்" என்றார் மேலாளர். "மூட்டை போடலாம்னு நீங்கதான் சொல்லணும். இனிமே நீங்க சொல்லாம ஒரு மூட்டை வெளியே போகாது."

பில்லக்கா கையில் இருந்த பிடியைப் போடவும் இல்லை, பார்க்கவும் இல்லை. "வாந்தி வருதே மேடம். தினமும் இப்படின்னா?"

"நான் வந்த புதுசுல மதியச் சாப்பாட்டைத் தொட்டதே இல்லை. வயிறு பழகிடும். நாம தினமும் காலையில வெளியே நல்ல காத்துல கொஞ்ச நேரம் நின்னுட்டு உள்ள வரணும், அப்பதான் மூக்கு மழுங்காம இருக்கும். நான் அதைச் செய்யலை, நீங்க செய்ங்க."

"அப்ப இந்த ஒரு வாரம்?"

"எந்த வாரம்?" என்றார் மேலாளர். "அது மூக்கு இல்லாதவங்களுக்குச் சொன்னது. நீங்க வேலைக்கு வந்தாச்சு. போய் முகத்தைக் கழுவிக்கிட்டு, வீட்டுக்குச் சொல்லணும்னா சொல்லிட்டு வாங்க. சுற்று இன்னும் பாதிகூட முடியலை."

பில்லக்கா முகம் கழுவினாள். கம்பிக் கதவுக்கு வெளியே, வண்டிகளைத் தாண்டி, காற்று வருகிற பக்கமாகப் போய் நின்றுகொண்டு போனை எடுத்தாள். புருஷன் சரக்கு ஏற்றி முடித்திருந்தார். எடுத்ததும், "சொல்லு, கிளம்பப் போறேன்" என்றார்.

"கிளம்ப வேண்டாம்."

"என்னாச்சு?"

"வேலை கிடைச்சிடுச்சு. நிரந்தரமா. ஒரு வாரமெல்லாம் இல்லை." அவளுக்கு இதை நீட்டி முழக்கிச் சொல்ல வேண்டும் என்று ஆசைதான். ஆனால் சளியையும் மூக்கையும் வாந்தியையும் எங்கே ஆரம்பிப்பது. "அதெல்லாம் வீட்டுல வந்து கேளுங்க. இப்ப வண்டியை விட்டு இறங்குங்க."

அந்தப் பக்கம் எஞ்சினை அணைக்கிற சத்தம் கேட்டது. இணைப்பு போய்விட்டதோ என்று போனைப் பார்த்தாள். இருந்தது.

"என்னங்க?"

"சரக்கு ஏத்தியாச்சே" என்றார்.

"அங்க வேற டிரைவரே இல்லையா? நீங்க ஓட்டலைன்னா அந்த லாரி நின்னுடுமா?"

"இருக்கான். ஓய்வறையில ஒருத்தன் நடை கிடைக்காம உட்கார்ந்திருக்கான்."

"அவர்கிட்ட சாவியைக் குடுங்க. முதலாளிகிட்ட நான் பேசணும்னா பேசறேன்."

"நீ பேச வேண்டாம், நானே பேசிக்கறேன்." கதவு திறக்கிற சத்தமும், அவர் குதித்து இறங்கும்போது விடுகிற முனகலும் கேட்டன. கொஞ்ச தூரம் நடந்தார். யாரிடமோ என்னவோ சொன்னார், அவர்கள் என்னவோ கேட்டார்கள், இல்லைப்பா வீட்டுக்கு, என்றார். பிறகு மறுபடி போனில் வந்தார்.

"குடுத்துட்டேன்."

"சரி."

"இங்கிருந்து பஸ் பிடிச்சா விடியற நேரத்துக்கு வந்துடுவேன். ஆனா ஒன்னு. ஏறி உட்கார்ந்தா தூங்கிடுவேன்னு நினைக்கிறேன். நம்ம ஊர்ல எழுப்பிவிட ஆள் இருக்காது."

பில்லக்கா பக்கத்தில் இருந்த வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்டக்டர்கிட்ட சொல்லிட்டுத் தூங்குங்க" என்றாள். "தாண்டிப் போனாலும் பரவாயில்லை, திரும்பி வந்துக்கலாம். நல்லா தூங்குங்க."